ஏ000-க்குள் எட்டிப் பார்க்கலாம், வாங்க!

ஒரு பழைய டாஸ் கம்ப்யூட்டர் கிடைக்குமா? கிடைக்காவிட்டால் பரவாயில்லை, ஃப்ரீடாஸ் போட்ட ஏதாவது ஓர் எமுலேட்டர் போதும். ‘டீபக்’ என்று அடித்து என்டர் தட்டுங்கள். பதிலுக்கு ஒரு குட்டிக் கோடு மட்டும் வந்து நிற்கும். வரவேற்பு கிடையாது, மெனு கிடையாது, ‘என்ன வேணும்?’ என்ற விசாரிப்புகூடக் கிடையாது. அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இதை அப்படியே அடியுங்கள், ஆங்கில எழுத்தில்தான்: எஃப் பி800:0 எஃப்9எஃப் 41 1எஃப்.

என்டர்.

பளிச்! திரை முழுக்க நீலம். நீலத்தின் மேல் வெள்ளை வெளேரென்று இரண்டாயிரம் ‘ஏ’ எழுத்துகள். ஒன்றன்பின் ஒன்றாக வரவில்லை, கண்ணை மூடித் திறப்பதற்குள் மொத்தமாக வந்து குதித்துவிட்டன.

என்ன நடந்தது என்று பார்த்தால் சிரிப்புதான் வரும். எழுதிக் காட்டச் சொல்லி யாரையும் கேட்கவில்லை. டாஸைக் கேட்கவில்லை, பயாஸைக் கேட்கவில்லை. பி800 என்ற இடத்திலிருந்து 4,000 பைட் மெமரியை நிரப்பு என்றீர்கள், அவ்வளவே. அந்த மெமரி திரைக்குச் சொந்தமானது, டிஸ்ப்ளே கார்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கார்டு அதை நொடிக்கு அறுபது, எழுபது தடவை தலையிலிருந்து வால்வரை வாசித்து மானிட்டருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அங்கே எண் மாறினால் இங்கே வெளிச்சம் மாறும். நடுவில் ஆளே இல்லை!

80 எழுத்து அகலம், 25 வரி, ஆக 2,000 கட்டம். கட்டத்துக்கு இரண்டு பைட்: ஒன்று எழுத்து, ஒன்று நிறம். ஹெக்ஸில் 41 என்றால் ‘ஏ’. 1எஃப் என்றால் பின்னணி நீலம், எழுத்து வெள்ளை. அதை 4இ ஆக்கிப் பாருங்கள், சிவப்பின் மேல் மஞ்சள். 9எஃப் போட்டால் இரண்டாயிரமும் ஒரே தாளத்தில் கண் சிமிட்டும். பத்து நிமிஷம் இதிலேயே போய்விடும், எச்சரிக்கிறேன்.

இன்றைய கம்ப்யூட்டரில் ஒரு புள்ளியின் நிறத்தை மாற்ற எத்தனை அடுக்குகளைத் தாண்ட வேண்டும்! ஆப், லைப்ரரி, ஆப்பரேட்டிங் சிஸ்டம், டிரைவர், கிராபிக்ஸ் சிப்பின் சொந்த மெமரி. அன்றைக்குத் திரை என்பது ஒரு முகவரி. அந்த முகவரிக்கு நேரே போய் நின்றவர்கள் செய்த கூத்துகளைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

1981 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் பிசியின் 8088 சிப்புக்கு 1 மெகாபைட்டுக்கு மேல் கண் தெரியாது. அதை 64 கே வீதம் 16 துண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். ஹெக்ஸ் கணக்கில் 0 முதல் 9 வரை பத்துத் துண்டு புரோகிராம்களுக்கு. ஏ, பி இரண்டும் திரைக்கு. அதற்கு மேலே ரோம் வகையறா. பத்து அறுபத்து நாலு எவ்வளவு? 640! டாஸ் காலத்து ஆட்களை இரவெல்லாம் விழிக்க வைத்த அந்த 640 கே உச்சவரம்பு வேறொன்றும் இல்லை, ‘இதற்கு மேலே திரை குடியிருக்கிறது’ என்ற பலகைதான்.

கருப்பு-வெள்ளை கார்டு பி000-ல், கலர் கார்டு பி800-ல். முகவரி வேறு வேறு என்பதால் இரண்டையும் ஒரே பெட்டியில் செருகி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மானிட்டர் வைத்துக்கொள்ளலாம். கேம் எழுதியவர்களுக்கு இது வரப்பிரசாதம். கலர் மானிட்டரில் கேம் ஓடும், பச்சை எழுத்து மானிட்டரில் டீபக்கர் அதன் வயிற்றைக் கிழித்துக் காட்டிக்கொண்டிருக்கும். டர்போ டீபக்கரில் இதற்கென்றே வசதி இருந்தது. இரண்டு மானிட்டர் வைத்து வேலை செய்வதை நேற்று வந்த நாகரிகம் என்று நினைப்பவர்கள் கவனிக்கவும்.

பனி பொழிந்த திரைகள்

ஐபிஎம்மின் முதல் கலர் கார்டு சீஜிஏ. அதில் 16 கே மெமரி, அதற்கு வழி ஒன்றே ஒன்று. திரைக்கு அனுப்பக் கார்டும் அந்த வழியாகத்தான் வாசிக்க வேண்டும், புதிதாக எழுத சிபியுவும் அந்த வழியாகத்தான் நுழைய வேண்டும். 80 எழுத்து டெக்ஸ்ட் மோடில் இரண்டும் மோதிக்கொண்டால்? சிபியு ஜெயிக்கும்! கார்டு பாவம், தனக்கு வேண்டியதை வாசிக்க முடியாமல், அந்த நொடியில் கம்பியில் ஓடும் ஏதோ ஒரு பைட்டை எடுத்துத் திரைக்கு அனுப்பிவிடும். நீங்கள் எழுத எழுத, திரையில் சம்பந்தமே இல்லாத இடங்களில் புள்ளிகள் தெறிக்கும். புரோகிராமர்கள் அதை ஸ்னோ என்றார்கள்.

மருந்து என்ன? 3டிஏ என்ற போர்ட்டை விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பது. மானிட்டரின் எலக்ட்ரான் கற்றை ஒரு வரியை முடித்துவிட்டு அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும் சில மைக்ரோ நொடிகளில், அந்த போர்ட்டின் கடைசி பிட் 1 ஆகும். அந்த இடுக்கில் ஒன்றிரண்டு பைட்டைச் செருகிவிட்டு மறுபடியும் காத்திருக்க வேண்டும். டர்போ பாஸ்கலில் ‘செக்ஸ்னோ’ என்றே ஒரு மாறி உண்டு. அதை ‘ட்ரூ’ என்று வைத்தால் பனி நிற்கும், எழுத்து நகரும் வேகம் குறையும். ‘ஃபால்ஸ்’ என்றால் வேகம், கூடவே பனிப்பொழிவு. பயாஸோ இன்னும் பெரிய ஆள்: திரையை ஒரு வரி மேலே உருட்ட வேண்டுமென்றால் திரையையே அணைத்து, உருட்டி, மறுபடி ஏற்றும். அந்தக் கால சீஜிஏ திரைகள் ஒவ்வொரு வரிக்கும் கண்ணடித்துக்கொண்டே இருந்த ரகசியம் இதுதான்.

சீஜிஏ-வின் கிராபிக்ஸ் மோடு இன்னொரு வேடிக்கை. 320-க்கு 200 புள்ளி, 4 நிறம். அந்த நாலும் பெரும்பாலும் கருப்பு, வெளிர்நீலம், மெஜந்தா, வெள்ளை. அந்த மெஜந்தாவைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதாக இல்லை. வேடிக்கை எங்கே என்றால், மெமரியில் வரிகள் 0, 1, 2 என்று வரிசையாக இல்லை. இரட்டைப்படை வரிகள் முதல் 8 கே-யில், ஒற்றைப்படை வரிகள் அடுத்த 8 கே-யில். ஏன் இந்தக் குளறுபடி? கார்டில் இருந்த மோட்டரோலா 6845 சிப்பின் வரிசை எண்ணும் ரிஜிஸ்டரில் 7 பிட்தான், அதாவது 128-க்கு மேல் எண்ண வராது. ஐபிஎம் பார்த்தது: 200 வரியை, இரண்டிரண்டு வரி உயரமுள்ள 100 ‘எழுத்து வரிசை’ என்று சொல்லி அந்தச் சிப்பை ஏமாற்றிவிட்டது. அந்த ஏமாற்று வேலையின் கூலியைக் கோடு போடும் ஒவ்வொரு புரோகிராமரும் கட்டினார்.

1982-ல் வந்த ஹெர்குலிஸ் கார்டு இதே ஏமாற்றை இரட்டிப்பாகச் செய்தது. 87 வரிசை, தலா நாலு வரி உயரம், மொத்தம் 348 வரி. ஆகவே மெமரி நாலு கூறு. இந்தக் கார்டு பிறந்த கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வான் சுவன்னுகுல் என்பவர் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு ஐபிஎம் பிசியில் தாய்லாந்தின் தாய் எழுத்துகளைக் கொண்டுவர விரும்பினார். ஐபிஎம்மின் கருப்பு-வெள்ளை கார்டில் எழுத்து வடிவங்கள் ரோமில் உறைந்து கிடந்தன, மாற்ற வழியில்லை. சீஜிஏ-வின் புள்ளிகளோ தடிமன். சரி என்று தானே 720-க்கு 348 புள்ளி காட்டும் கார்டு ஒன்றைச் செய்துவிட்டார்! அது உலகம் முழுக்க விற்றது.

தாய் எழுத்துக்கு வந்த அதே தலைவலி நம் எழுத்துக்கும் உண்டு. பின்னால் வந்த இஜிஏ, வீஜிஏ கார்டுகளில் எழுத்து வடிவங்கள் ரோமிலிருந்து இறங்கி, கார்டின் சொந்த மெமரியின் நாலு அடுக்குகளில் மூன்றாவதில் வந்து உட்காரும். ஆக அங்கே போய் வடிவத்தை மாற்றி எழுதலாம். 256 இடம் இருக்கிறது, தமிழில் 247 எழுத்து, அட, சரியாகப் போச்சே என்று துள்ளாதீர்கள். இடம் ஒன்றுக்கு அகலம் 8 புள்ளிதான். ஒன்பதாவது புள்ளி வெறும் இடைவெளி, கட்டம் போடும் கோடுகளுக்கு மட்டும் அது நிரம்பும். ‘ணௌ’வை எட்டுப் புள்ளிக்குள் மடக்கிக் காட்டுகிறவருக்கு என் சொத்தில் பாதி. ஐஐடி கான்பூரில் தொடங்கி சி-டாக்கில் வளர்ந்த ஜிஸ்ட் கார்டு இதை இன்னும் கீழே இறங்கிப் பிடித்தது. பெட்டிக்குள் ஒரு கார்டையே செருகி, டெக்ஸ்ட் மோடில் ஓடும் சாதாரண டாஸ் புரோகிராம்களுக்குள் இந்திய எழுத்துகளைக் கொண்டுவந்தது.

பதின்மூன்று ராசியான எண்

இப்போது முக்கியமான அறை. செருப்பை வெளியே விட்டுவிட்டு வாருங்கள்.

1987 ஏப்ரலில் ஐபிஎம் பிஎஸ்/2 வரிசையோடு வந்தது வீஜிஏ. அதன் மோடு பட்டியலில் ஹெக்ஸ் 13 என்று ஒன்று. 320-க்கு 200 புள்ளி, புள்ளிக்கு ஒரு பைட், ஒரே நேரத்தில் 256 நிறம். 320-ஐ 200-ஆல் பெருக்குங்கள்: 64,000. அந்தக் காலத்து இன்டெல் சிப்பில் ஒரு செக்மென்ட்டுக்குள் அடங்குவது 65,536 பைட். பொருந்திவிட்டது! திரை முழுவதும் ஒரே செக்மென்ட்டுக்குள், ஏ000-இலிருந்து வரிசையாக, இரட்டைப்படை-ஒற்றைப்படை வம்பே இல்லாமல். மிச்சம் 1,536 பைட் திரைக்குக் கீழே சும்மா கிடக்கும்.

ஐபிஎம் வேண்டுமென்று செய்ததோ இல்லையோ, புரோகிராமருக்கு இதைவிடப் பெரிய உபகாரம் அந்தக் கம்பெனி செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. இன்டரப்ட் 10-ஐக் கூப்பிட்டு மோடை 13-க்கு மாற்று. சி என்றால் ஏ000-ஐப் பார்க்கும் ஒரு ஃபார் பாயின்டர் வைத்துக்கொள். பாஸ்கல் என்றால் அதுகூட வேண்டாம், ‘மெம்’ என்ற பெயரில் மொத்த மெமரியும் ஓர் அரேயாகவே கிடைக்கும். வரிசை எண்ணை 320-ஆல் பெருக்கு, நெடுவரிசை எண்ணைக் கூட்டு, அந்த இடத்தில் நிறத்தின் எண்ணை எழுது. முடிந்தது, புள்ளி விழுந்தது!

நம்மூர் பொறியியல் கல்லூரி லேப்களில் டர்போ சி-யின் நீலத் திரைக்கு முன்னால் உட்கார்ந்த தலைமுறைக்கு ‘இனிட்கிராஃப்’பும் ‘புட்பிக்சலு’ம் ஞாபகமிருக்கும். பிஜிஐ கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று தேடியதும் சேர்த்து ஞாபகம் வரும். அந்த வழியில் போனால் வீஜிஏ-வுக்கான வழக்கமான டிரைவர் 640-க்கு 480-ல் 16 நிறத்தோடு நின்றுவிடும். ரெக்கார்டு நோட்டுக்கு அது போதும். லேப் நேரம் முடிந்தபிறகு, பின் பெஞ்சில் யாராவது ஒருவர் எங்கிருந்தோ ‘ஏ000’ என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு வருவார் பாருங்கள், அங்கேதான் உண்மையான கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் வகுப்பு ஆரம்பிக்கும்.

பெருக்கு என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். 8086-ல் ஒரு 16 பிட் பெருக்கலுக்கு 118 முதல் 133 சைக்கிள் வரை ஆகும். ஒவ்வொரு புள்ளிக்கும் அதைக் கொடுத்தால் கட்டுப்படியாகுமா? 320 என்பது 256-ம் 64-ம். வரிசை எண்ணைத் தூக்கி ரிஜிஸ்டரின் மேல் பைட்டில் வைத்தால் 256-ஆல் பெருக்கியாயிற்று. அதையே இரண்டு பிட் கீழே தள்ளினால் 64-ஆல் பெருக்கியது. இரண்டையும் கூட்டு. பெருக்கலே நடக்காமல் பெருக்கல் முடிந்தது! பிற்பாடு 486 வந்து பெருக்கல் மலிவான பிறகும் பலர் இதை விடவில்லை. சிலருக்கு இது பக்தி.

இந்த அறையில் சுவர்களும் இல்லை. 320-ஆவது நெடுவரிசையில் புள்ளி வைத்தால் திட்டமாட்டார்கள், அது அடுத்த வரியின் இடது ஓரத்தில் தலை காட்டும். வலது பக்கம் வெளியேறும் விண்கலம் ஒரு வரி கீழே இறங்கி இடது பக்கம் நுழையும். செக்மென்ட் எண்ணே தப்பினால் திரையைத் தாண்டி வேறு எதையோ எழுதுவீர்கள். மெமரியின் அடிவாரத்தில் இன்டரப்ட் அட்டவணை இருக்கிறது, அங்கே எழுதிவிட்டால் கீபோர்டும் கடிகாரமும் சேர்ந்து செத்துப்போகும். ரீசெட் பட்டன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டிய காரணம் அது.

நிறங்களின் கதை தனி. புள்ளியில் நாம் எழுதுவது நிறமே இல்லை, நிறத்தின் எண். அந்த எண்ணுக்கு என்ன நிறம் என்பது பேலட்டில் இருக்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 0 முதல் 63 வரை அளவு, ஆக மொத்தம் 2,62,144 நிறங்களிலிருந்து 256-ஐப் பொறுக்கலாம். 3சி8 போர்ட்டில் எண்ணைச் சொல், 3சி9-ல் மூன்று அளவைப் போடு. இதில் பொதிந்திருக்கும் குறும்பைப் பாருங்கள்: 64,000 புள்ளியில் ஒன்றைக்கூடத் தொடாமல், பேலட்டின் 768 எண்களை மட்டும் மாற்றினால் திரை மொத்தமும் நிறம் மாறும். இருட்டாக மங்க வேண்டுமா, எல்லா அளவையும் ஒவ்வொன்றாகக் குறை. அருவி ஓட வேண்டுமா, நீலங்களை மட்டும் ஒரு சுற்று சுற்று.

நெருப்பு எரிய வைப்பது அந்தக் காலத்துப் பிள்ளைகளின் அரங்கேற்றம். கீழ்வரிசையில் கண்டபடி எண்களைத் தூவு. மேலே உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும், தனக்குக் கீழே இருக்கும் அண்டை வீட்டுக்காரர்களின் சராசரியை எடுத்து, கொஞ்சம் குறைத்துப் போடு. பேலட்டைக் கருப்பு, சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று சரியவிடு. இருபது வரி புரோகிராம், திரையில் தீ நாக்குகள் நெளியும்! அறையில் இருப்பவர்களெல்லாம் எழுந்து வந்து பார்ப்பார்கள்.

பேலட் சுற்றலை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். விண்டோஸ் 95 தொடங்கும்போது மேகத்தின் மேல் லோகோ வந்து, அடியில் ஒரு நீலப் பட்டை நகர்ந்துகொண்டே இருக்குமே? அங்கே எதுவும் நகரவில்லை. 320-க்கு 400 அளவில் ஓர் அசையாப் படம். பேலட்டில் சில நிறங்கள் வரிசை மாறிச் சுற்றிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். கோடிக்கணக்கான பேர் தினமும் காலையில் ஏமாந்தோம்.

இனி கற்றையோடு ஓட்டம். மோடு 13-ல் திரை நொடிக்கு 70 தடவை புதுப்பிக்கப்படுகிறது. பாதி வரைந்த நிலையில் கற்றை கடந்துபோனால் மேல் பாதி பழைய படம், கீழ் பாதி புதுப் படம் என்று கிழிசல் தெரியும். அதனால் முதலில் சாதாரண மெமரியில் 64,000 பைட்டுக்கு ஒரு கள்ளத்திரை வைத்து அதில் வரைவது, பிறகு 3டிஏ போர்ட்டைப் பார்த்துக்கொண்டே நின்று, கற்றை கீழ்க்கோடியிலிருந்து உச்சிக்குத் திரும்பும் வேளையில் மொத்தத்தையும் ஏ000-க்குக் கொட்டுவது. அந்த வேளை எவ்வளவு நேரம்? சுமார் ஒன்றரை மில்லி நொடி. ஐசா பஸ் வழியாக அதற்குள் 64,000 பைட் போகவே போகாது. போக வேண்டியதும் இல்லை! மேலேயிருந்து ஆரம்பித்து, கற்றை நம்மைப் பிடிப்பதற்குள் முன்னாலேயே ஓடிக்கொண்டிருந்தால் போதும். ஜெயித்தால் படம் பட்டுப் போல வரும்.

சங்கிலியை அறுத்தவர்

இவ்வளவு புகழ்ந்தாயிற்று, இப்போது மோடு 13-ன் குட்டை உடைக்கிறேன். வீஜிஏ கார்டில் 256 கே மெமரி இருக்கிறது. மோடு 13 அதில் 64 கே-யைத்தான் காட்டுகிறது. மீதி முக்கால்வாசி எங்கே?

அங்கேயேதான் இருக்கிறது, நாலு அடுக்காக. அடுத்தடுத்த நாலு புள்ளிகள் உண்மையில் நாலு வெவ்வேறு அடுக்குகளில் விழுகின்றன. நமக்கு வரிசையாகத் தெரிய வேண்டுமே என்று கார்டு உள்ளுக்குள் ஒரு சங்கிலி போட்டு, முகவரியின் கடைசி இரண்டு பிட்டை அடுக்கு எண்ணாக மாற்றிக்கொள்கிறது. அந்தச் சௌகரியத்துக்கு விலையாக, ஒவ்வோர் அடுக்கிலும் நாலு பைட்டுக்கு மூன்று பைட் வீண்.

மைக்கேல் அப்ராஷ் என்பவர் 1991 ஜூலையில் டாக்டர் டாப்ஸ் ஜர்னலில் அந்தச் சங்கிலியை எப்படி அறுப்பது என்று எழுதினார். மூன்று ரிஜிஸ்டர்களைத் தொட்டால் சங்கிலி அறும். இன்னும் சில டைமிங் ரிஜிஸ்டர்களைத் திருகினால் 200 வரி 240 வரியாகும். ஐபிஎம் பட்டியலில் இல்லாத இந்த மோடுக்கு அவர் வைத்த பெயர் மோடு எக்ஸ். 320-க்கு 240 என்றால் சாதாரண 4:3 மானிட்டரில் புள்ளி சதுரமாகிவிடும். மோடு 13-ல் புள்ளிகள் கொஞ்சம் ஒட்டகச்சிவிங்கி வம்சம், அகலத்தைவிட உயரம் ஐந்தில் ஒரு பங்கு அதிகம். வட்டம் வரைந்தால் முட்டை வரும். மோடு எக்ஸில் வட்டம் வட்டமாகவே வந்தது.

ஆனால் உண்மையான விருந்து வேறே. மேப் மாஸ்க் என்று ஒரு ரிஜிஸ்டர். எந்தெந்த அடுக்கில் எழுதலாம் என்று அதில் நாலு பிட். நாலையும் திறந்து வைத்துவிட்டு ஒரே ஒரு பைட் எழுதினால், நாலு புள்ளியும் சேர்ந்து நிறம் மாறும். பந்தியில் ஒரு கரண்டி சாய்த்தால் நாலு இலையிலும் சாம்பார் விழுகிற மாதிரி! திரையை ஒரே நிறத்தில் அடிக்க 64,000-க்குப் பதில் கால்வாசி எழுத்து போதும். படத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்த இன்னொரு தந்திரம் உண்டு: ஒரு பைட்டை வாசித்தாலே கார்டுக்குள் நாலு லாட்ச்களும் நிரம்பிவிடும், அடுத்து ஒரு எழுத்தில் நாலும் கொட்டும். சிபியுவின் கைக்கு அந்தப் புள்ளிகள் வரவே வராது.

அதற்கு மேல், ஒரு திரைக்கு அடுக்கு ஒன்றில் 19,200 பைட்தான் ஆகிறது என்பதால் கார்டுக்குள்ளேயே மூன்று திரைகள் அடங்கும். ஒன்றைக் காட்டிக்கொண்டே அடுத்ததில் வரை, முடிந்ததும் ‘இங்கிருந்து வாசி’ என்று தொடக்க முகவரியை மாற்று. 64,000 பைட்டைச் சுமந்து ஓடிய அந்த வேலையெல்லாம் இரண்டு ரிஜிஸ்டரில் முடிந்தது.

இதெல்லாம் இனாமா? பக்கத்துப் பக்கத்துப் புள்ளிக்கு வெவ்வேறு நிறம் போட வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் மேப் மாஸ்க்கைத் திருப்ப வேண்டும், போர்ட்டுக்கு எழுதுவது மெதுவான காரியம். சாமர்த்தியம் உள்ளவர்கள் முதல் அடுக்கின் புள்ளிகளை எல்லாம் ஒரே மூச்சில், பிறகு இரண்டாவது அடுக்கு என்று நாலு சுற்றாக வரைந்தார்கள். அழகு என்றால் என் ஓட்டு மோடு 13-க்குத்தான். ஆனால் வேகம் வேண்டியவர்கள் அழகு பார்க்கவில்லை.

வேகம் வேண்டியவர்களில் முதல் பெயர் ஜான் கார்மாக். வீஜிஏ-வுக்கு முன்பே, 16 நிற இஜிஏ-வில் அவர் ஒரு கைவரிசை காட்டியிருந்தார். நின்டெண்டோ பெட்டியில் மரியோ ஓட ஓடப் பின்னணி வழுக்கிக்கொண்டு போகும், பிசியில் அது முடியாது என்பதே பேச்சு. 1990 செப்டம்பரில், லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் சாஃப்ட்டிஸ்க் கம்பெனியில் ஓர் இரவு, கார்மாக்கும் டாம் ஹாலும் சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3-ன் முதல் கட்டத்தை அச்சு அசலாக பிசியில் ஓட வைத்தார்கள். மரியோவுக்குப் பதில் ஜான் ரொமேரோ உருவாக்கிய டேவ். வைத்த பெயரோ ‘டேஞ்சரஸ் டேவ் இன் காப்பிரைட் இன்ஃப்ரிஞ்ச்மென்ட்’, குற்றத்தைப் பெயரிலேயே ஒப்புக்கொண்டாயிற்று! ஃப்ளாப்பி ரொமேரோவின் மேஜைமேல் காத்திருந்தது. காலையில் வந்து பார்த்தவருக்கு அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை.

தந்திரம் என்ன? கார்டின் மெமரியில் திரையைவிடச் சற்றுப் பெரிய படம். தொடக்க முகவரியையும் புள்ளி புள்ளியாகத் தள்ளும் பேனிங் ரிஜிஸ்டரையும் அசைத்தால் வரையாமலேயே காட்சி நகரும். 16 புள்ளி நகர்ந்ததும் முகவரியைப் பழைய இடத்துக்கு இழுத்து, படத்தை ஓடு ஓடாகச் சரிபார்ப்பது. இப்போது வேண்டிய ஓடும் அங்கே ஏற்கனவே இருக்கும் ஓடும் ஒன்றேயானால் தொடவே வேண்டாம். வானம் முழுக்க ஒரே நீல ஓடு என்பதால் பெரும்பாலான இடம் அப்படியே தப்பிவிடும். அந்த வருஷம் டிசம்பரில் வந்த கமாண்டர் கீனில் அத்தனை வானம் ஏன் என்று இப்போது புரிகிறதா? இதே தந்திரத்தில் ஓடிய மரியோ மாதிரியைப் பார்த்துவிட்டு நின்டெண்டோ வேண்டாம் என்றது வேறு கதை.

கார்மாக் பின்னர் எழுதிய, 1992-ன் உல்ஃபென்ஸ்டீன் 3டி கேமில் சுவர்கள் செங்குத்துக் கோடுகளாகத்தான் வரையப்பட்டன. ஒவ்வொரு சுவர் உயரத்துக்கும் தனித்தனியாக, லூப்பே இல்லாத மெஷின் கோடை கேம் தானே தயாரித்து வைத்துக்கொள்ளும். பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் ஒன்றாகவே இருந்தால் மேப் மாஸ்க்கைத் திறந்து ஒரே எழுத்தில் சேர்த்து அடித்துவிடும். சுவரை மூக்கு முட்ட நெருங்கும்போது இது கைகொடுக்கும்.

1993 டிசம்பர் 10 அன்று வந்த டூமும் சங்கிலி அறுத்த 320-க்கு 200-தான், மூன்று திரை மாற்றி மாற்றி. அதன் கடிகாரம் நொடிக்கு 35 அடி வைக்கும், வீஜிஏ-வின் 70-ல் சரிபாதி. மெதுவான கம்ப்யூட்டர்காரர்கள் எஃப்5 தட்டிப் படத்தைத் தடிமனாக்கிக்கொள்வார்களே, அப்போது நடப்பது என்ன தெரியுமா? மேப் மாஸ்க்கில் இரண்டு அடுக்கைச் சேர்த்துத் திறந்துவிடுகிறார்கள், ஓர் எழுத்தில் இரண்டு புள்ளி. அடி வாங்கும்போது திரை சிவக்கிறதே? பேலட் மாற்றம். டூமுக்குள் 14 பேலட்கள் தயாராக இருக்கின்றன. வலிக்குச் சிவப்பு, பொருள் எடுத்தால் மஞ்சள், கதிர்வீச்சு உடைக்குப் பச்சை.

எனக்கு மிகப் பிடித்த டூம் திருட்டு ஸ்பெக்டர். உருவம் இல்லாமல் காற்று மட்டும் நடுங்குவதுபோல் வரும் அந்தப் பிசாசு. அதற்கென்று நிறமே வரைவதில்லை. அந்த உருவம் நிற்க வேண்டிய இடத்தில், ஏற்கனவே திரையில் இருக்கும் புள்ளிகளில் ஒரு வரி மேலேயோ ஒரு வரி கீழேயோ உள்ளதை எடுத்து, சற்று இருட்டாக்கித் திரும்ப வைக்கிறார்கள். மேலா கீழா என்பதை 50 எண்கள் கொண்ட ஒரு பட்டியல் தீர்மானிக்கிறது. திரையில் எழுதுவதை மட்டுமே எல்லோரும் யோசித்தபோது, திரையையே வாசித்து அதிலிருந்து பிசாசு செய்திருக்கிறார்கள்!

அப்ராஷ் 1995-ல் கார்மாக்கோடு சேர்ந்து குவேக் செய்யப் போனார். அதே காலத்தில் விண்டோஸ் வந்து ஏ000-ன் வாசலைச் சாத்தியது. ஒரே திரையில் பத்து ஜன்னல் இருக்கும்போது, ஆளாளுக்கு மெமரிக்குள் கைவிட்டால் ஊர் சிரிக்கும், அது நியாயம்தான். கேம்காரர்கள் அலறியதும் மைக்ரோசாஃப்ட் டைரக்ட்டிராவைக் கொண்டுவந்தது: திரைமெமரியைக் கொஞ்ச நேரத்துக்குப் பூட்டி வாங்கி, எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம்.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். 2015 ஏப்ரலில், ஜெர்மனியின் சார்ப்ருக்கன் நகரில் ரிவிஷன் டெமோ திருவிழா. மேடைத் திரையில் ஒரு 4.77 மெகாஹெர்ட்ஸ் ஐபிஎம் பிசி, சீஜிஏ கார்டோடு. அந்த மெஜந்தா கார்டேதான்! ‘8088 எம்பிஎச்’ என்ற டெமோ ஓட ஆரம்பித்தது, திரையில் 1,024 நிறங்கள். ஹார்னெட், சிஆர்டிசி, டிசையர் என்ற மூன்று குழுக்களின் வேலை. நிறங்கள் வந்தது கிராபிக்ஸ் மோடிலிருந்துகூட இல்லை, டெக்ஸ்ட் மோடிலிருந்து. 6845-ன் ரிஜிஸ்டர்களைத் திருகி, ஒவ்வோர் எழுத்தின் உச்சந்தலை மட்டும் தெரியும்படி வெட்டிவிட்டார்கள். அந்த உச்சந்தலைப் புள்ளிகளின் வடிவம், எழுத்து நிறம், பின்னணி நிறம் மூன்றும் டிவிக்குப் போகும் காம்போசிட் சிக்னலில் குழைந்து, ஐபிஎம் கனவிலும் காணாத நிறங்களாக வெளியே வந்தன. முதல் பைட் எழுத்து, இரண்டாம் பைட் நிறம், முகவரி பி800.

ஒவ்வொரு சைக்கிளையும் எண்ணி எழுதிய வேலை என்பதால், அன்றைக்கு இருந்த எந்த எமுலேட்டராலும் அதைச் சரியாக ஓட்ட முடியவில்லை. பார்க்க வேண்டுமானால் நிஜப் பெட்டியைத் தூசி தட்டி எடுக்க வேண்டியிருந்தது. எமுலேட்டர் எழுதுகிறவர்கள் இன்றுவரை அதைத்தான் பரீட்சையாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பரீட்சை ரொம்பச் சுலபமாகிவிடக் கூடாதே என்றோ என்னவோ, அந்த டெமோவைச் செய்த ஆட்களில் சிலர் 2022-ல் இன்னும் கஷ்டமான ஒன்றை வெளியிட்டார்கள். பெயர் ‘ஏரியா 5150’. 5150 என்பது 1981-ல் வந்த அந்த முதல் ஐபிஎம் பிசியின் மாடல் நம்பர்.